கண் துடித்தால் சகுனம், கால் துடித்தால்?

கண் துடிப்பதற்கு நம் நாட்டில் சாஸ்திரம் உண்டு. ஆடவருக்கு வலக்கண்ணும் பெண்டிருக்கு இடக்கண்ணும் துடித்தால் நன்மை என்பர். அசோகவனத்தில் சீதாபிராட்டிக்கு இடக்கண் துடித்தது. அநுமன் வந்து சேர்ந்தான். இக்கதையை நம் வீடுகளில் சிறு குழந்தையும் அறியும். ஒரு நாள் துடித்தால் இன்ன பலன் என்று சொல்லுவதற்குப் பாட்டிமார் இருக்கிறார்கள். ஆனால் ஒருவனுடைய காலில் சதை பகலும் இரவும் ஓயாமல் மூன்று மாதம் துடித்தால் அதற்கு என்ன பலன் என்று கேட்டுப் பாருங்கள். பாட்டிமாரும் வாய் மூடிக் கொள்வார்கள்.

நாம் காரைக்காலில் பள்ளிக்கூட வாத்தியார். வயது நாற்பத்தாறு. கணக்கும் பௌதிகமும் போதிப்பது தொழில். சென்ற ஆண்டு பங்குனி மாதத்தில், விடைத்தாள் கட்டுகளோடு வெகு நேரம் விழித்திருந்த ஓர் இரவில், வலது காலில் தோலுக்கு அடியில் சிறு மீன் ஒன்று புரள்வது போன்ற உணர்ச்சி தோன்றிற்று. விளக்கை அருகில் வைத்துக்கொண்டு பார்த்தோம். சதை தானாகத் துள்ளியது, நின்றது, மறுபடியும் துள்ளியது. அந்த இடத்துக்குக் கெண்டைக்கால் என்று பெயரிட்ட முன்னோரின் கூர்மையை அன்றுதான் உணர்ந்தோம். நம் வகுப்பிலே உத்தரவு இல்லாமல் துள்ளும் பையன்கள் பலர் உண்டு. நம் தேகத்திலேயே அப்படி ஒருவன் கிளம்புவான் என்று நாம் எதிர்பார்க்கவில்லை.

ஒரு வாரத்தில் அது தொடைக்கு ஏறியது. பின்னர்ப் புஜத்தில், பின்னர்க் கண்ணிமையில். வலக்கை விரல்கள் சில வேளை மரத்துப் போயின. கரும்பலகையில் எழுதும்போது சாக்பீஸ் ஒரு முறை நழுவி விழுந்தது. பையன் ஒருவன் எடுத்துக் கொடுத்தான். "பரவாயில்லை, உட்கார்" என்று சொல்லிவிட்டோம். ஆனால் நமக்குப் பரவாயில்லாமல் இல்லை.

ஏனெனில், நாம் ஒரு செருப்பை நினைத்துக் கொண்டிருந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம்மோடு பணியாற்றிய தமிழாசிரியர் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம். கம்பனைச் சொல்லத் தொடங்கினால் பக்கத்து வகுப்புப் பையன்களும் காது கொடுப்பார்கள். நாமும் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டது உண்டு. ஒரு நாள் அவருடைய இடது காற்செருப்பு நடந்து வரும் வழியிலே கழன்று விழுந்துவிட்டது. அது கழன்றதே அவருக்குத் தெரியவில்லை. "செருப்புக்கு நம்மீது கோபம்" என்று சிரித்தார். ஆறு மாதத்தில் கோல் ஊன்றினார். ஒரு வருஷத்தில் அந்த நாக்குக் குழறியது. மூன்று ஆண்டு நிறையுமுன் போய்விட்டார். அவருடைய கைச்சதையும் துடித்ததை நாம் கண்ணால் கண்டிருந்தோம். கடைசி மாதங்களில் அவரைப் பார்க்க நாம் போகவில்லை. வேலை மிகுதி என்று பிறரிடம் சொன்னோம். உண்மை அதுவன்று, பார்க்கத் துணிவில்லை.

ஆகவே, கால் துடித்த அன்றிரவே கைபேசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். நடுநிசியில் வைத்தியம் படிப்பது போன்ற மூடத்தனம் வேறு இல்லை. எந்தக் கேள்வியைக் கேட்டாலும் விடை ஒரே வியாதியில் வந்து நின்றது. கணக்கு வாத்தியாருக்கு இது ஒன்றே சந்தேகத்தைத் தந்திருக்க வேண்டும். எல்லாக் கணக்குக்கும் ஒரே விடை வருமானால் செய்கையில் பிழை இருக்கிறது என்று நாம் தானே பையன்களுக்குச் சொல்கிறோம்? ஆனால் பயம் வந்தவனுக்குக் கணக்கு ஏது?

சோதனைச் சீட்டு

குடும்ப வைத்தியர் காலைத் தட்டிப் பார்த்தார். "ஸார், ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை, காப்பியைக் குறையுங்கள், தூங்குங்கள்" என்றார். நாம் கேட்கவில்லை. நரம்பு டெஸ்டு எடுத்தே தீர வேண்டும் என்று பிடிவாதம் செய்தோம். வேறோர் ஊரில் ஒரு சோதனைச்சாலையில் அது நடந்தது. குளிர்சாதன அறை, வெறுங்கால், ஒரு மணி நேரம் காத்திருந்த பிறகு கட்டிலில் படுக்கச் சொல்லி, தோலின்மேல் சிறு வில்லைகளை ஒட்டி, மின்சாரத்தைச் சுண்டிச் சுண்டி விட்டார்கள். சாயங்காலம் ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். காலின் நரம்பில் வேகம் வினாடிக்கு 37 மீட்டர்; குறைந்தபட்சம் 40 இருக்க வேண்டும். கையிலும் ஓரிடத்தில் சிறு தாமதம். அடியில் ஒரு வரி: 'நோயாளியின் நிலையோடு பொருத்திப் பார்க்கவும், மேலும் ஆராய்தல் நலம்.'

இந்த ஒரு வரி நம்மை மூன்று வாரம் உறங்க விடவில்லை. அந்த வாரந்தான் ஊரில் மாங்கனித் திருவிழா. பவனி வரும் பிக்ஷாடனருக்கு மாங்கனி படைத்து, வீட்டு மாடிகளிலிருந்து ஜனங்கள் பழத்தை வாரி இறைக்கிறார்கள்; கீழே நிற்பவர்கள் தாவிப் பிடிக்கிறார்கள். நாமோ கூட்டத்தின் நடுவே நின்று, ஒரு காலால் நிற்க முடிகிறதா, குதிகாலால் நடக்க முடிகிறதா என்று பரீட்சை செய்து கொண்டிருந்தோம். இந்த ஊரின் அம்மையார் தம் தசைப்பொதியைக் கழித்துவிட்டுப் பேயுரு வேண்டிப் பெற்றவர். அவருடைய திருவிழாவில், ஒரு பிடி சதை துள்ளியதற்காக நடுங்கி நிற்கும் பக்தன் ஒருவன் இருந்தான் என்றால் அவரே நகைத்திருப்பார்.

அண்டை வீட்டார், "திருநள்ளாறு ஐந்து கிலோமீட்டர் தானே? நள தீர்த்தத்தில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வாருங்கள்" என்றார்கள். போட்டோம். மனத்துக்கு இதமாகவே இருந்தது. ஆனால் சீட்டில் இருந்த 37 என்ற எண், முழுக்குப் போட்டதனால் 40 ஆகிவிடவில்லை. அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று அறிந்தாலன்றி நமக்கு அமைதி இல்லை என்று தெரிந்தது. ஆகவே நடுநிசித் தேடலை விட்டுவிட்டுப் பகலில், ஒழுங்காக, புஸ்தகத்தை எடுத்துப் படித்தோம். படித்ததில் நமக்குப் பயன்பட்டதை நேயர்களுக்கும் சொல்லுகிறோம்.

தவளைக்காலும் மின்சாரமும்

இத்தாலியில் பொலோஞா நகரத்துக் கால்வானி என்பவர் செத்த தவளையின் கால் மின்சாரம் பட்டுத் துள்ளியதைக் கண்டு, 1791-ஆம் ஆண்டில் அதைப்பற்றி எழுதினார். நரம்பில் ஓடுவது ஏதோ ஆவியன்று, மின்சாரத்தோடு உறவுடைய ஒன்று என்ற எண்ணம் அங்கே தொடங்கியது. அதன் வேகத்தை அளக்கவே முடியாது என்று ஜெர்மனியில் பெரும் பேராசிரியரான முல்லர் கருதினார். அவருடைய சீடர் ஹெல்ம்ஹோல்ட்ஸ், 1850-இல் தவளையின் நரம்பிலேயே அளந்து காட்டிவிட்டார்: வினாடிக்குச் சுமார் 27 மீட்டர். ஆசிரியர் முடியாது என்றதை மாணவன் முடித்துக் காட்டுவதைப் போல் ஆசிரியர்களுக்கு ஆறுதல் தரும் சரித்திரம் வேறில்லை.

மனிதனுக்குக் கையில் வினாடிக்கு 50 மீட்டருக்கு மேலும், காலில் 40 மீட்டருக்கு மேலும் இந்த வேகம் இருப்பது இயல்பு. முதுகுத் தண்டுவடத்திலிருந்து பாதம் வரை சுமார் ஒரு மீட்டர் என்று கொண்டால், 'நட' என்ற கட்டளை அங்கே போய்ச் சேர ஒரு வினாடியில் நாற்பதில் ஒரு பங்கு போதும். பையன்கள் நம் கட்டளைக்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தோடு ஒப்பிட்டால் இது மிகவும் மெச்சத்தக்க வேகந்தான்.

பிரெஞ்சு தேசத்தில் பூலோஞ் என்ற துறைமுகத்தில், கடலோடிக் குடும்பத்தில் பிறந்தவர் துஷேன். 1842-இல் பாரிஸுக்கு வந்து, ஒரு மின்சாரப் பெட்டியைச் சுமந்துகொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தார். எந்தத் தசை எந்த நரம்புக்குக் கட்டுப்பட்டது, எந்தத் தசை மின்சாரத்துக்கும் பதில் சொல்லாமல் செத்துக் கிடக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு அறிந்தார். இன்று சோதனைச்சாலையில் நம் காலில் சுண்டும் மின்சாரத்துக்கு அவர் பாட்டனார். பிறகு 1929-இல் இங்கிலாந்தில் ஆட்ரியனும் அமெரிக்கரான பிராங்கும், ஊசியைத் தசைக்குள்ளேயே செலுத்தி, அங்கே நிகழும் மின்சார அசைவை ஒலிபெருக்கியில் கேட்கும்படி செய்தனர். இதுவே ஈ. எம். ஜி. எனப்படும் தசை மின்பதிவு. ஓய்ந்து கிடக்கும் நல்ல தசை மௌனமாக இருக்கும். நரம்பை இழந்த தசையோ, ஓட்டுக் கூரையின்மேல் மழைத்துளி விழுவதைப் போல் ஓயாமல் தட்டும். வைத்தியர் காதால் கேட்டே பாதி விஷயத்தை அறிந்துகொள்கிறார்.

தசை ஏன் தானாகத் துள்ளுகிறது? தண்டுவடத்தில் உள்ள ஒவ்வொரு இயக்க நரம்பணுவும் தசையிலே பல நார்களை ஆள்கிறது. கண்ணை அசைக்கும் தசையில் ஓர் அணுவுக்கு ஏறக்குறையப் பத்து நார். கெண்டைக்காலிலோ ஓர் அணுவுக்கு இரண்டாயிரம் நார் வரையில். அந்த அணுவோ அதன் நரம்போ ஏதோ காரணத்தால் தானாக ஒரு முறை சுடர்ந்தால், அதன் குடிகளாகிய நார்கள் எல்லாம் ஒருங்கே சுருங்கும். அதுவே துடிப்பு. சுடர்வதற்குக் காரணம் கொடியதாகவும் இருக்கலாம்; ஒன்றுமே இல்லாததாகவும் இருக்கலாம். துடிப்பைப் பார்த்த மாத்திரத்தில் இரண்டுக்கும் வேற்றுமை தெரியாது. நம்மைப் போன்றவர்களின் துன்பம் எல்லாம் இங்கேதான் தொடங்குகிறது.

பாரிஸ் இட்ட பெயரும் சென்னை கண்ட வியாதியும்

கொடிய காரணத்தைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். பாரிஸில் சல்பெத்ரியேர் ஆஸ்பத்திரியில் ஷர்க்கோ என்ற பேராசிரியர் 1869-இல் ஒரு வியாதியை விவரித்தார். மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள இயக்க நரம்பணுக்கள் ஒவ்வொன்றாக மாய்கின்றன, தசை மெலிகிறது, அறிவும் உணர்வும் பெரும்பாலும் தெளிவாக இருக்க, தேகம் மட்டும் அடங்கிப் போகிறது. பிரான்சில் இன்றும் இதை ஷர்க்கோ வியாதி என்றே சொல்கிறார்கள். அங்கே உறவினர் உள்ள குடும்பங்கள் நம் ஊரில் ஏராளமாதலால், இந்தப் பெயரைக் கடிதத்தில் படித்தவர்களும் இங்கே உண்டு. இதைக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. 1995-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரிலுஸோல் என்ற மருந்து சில மாதங்கள் தள்ளிப் போடுகிறது, அவ்வளவே. நம் தமிழாசிரியரைக் கொண்டு போனது இதுதான்.

ஆனால் இது அரிய வியாதி என்பதும் உண்மை. ஐரோப்பிய நாடுகளின் கணக்குப்படி ஆண்டுக்கு லக்ஷம் பேரில் ஏறக்குறைய இருவருக்கே இது புதிதாக வருகிறது. தசை துடிப்பவர்களோ லக்ஷத்தில் பல்லாயிரம் பேர். 1963-இல் அமெரிக்காவில் ரீட், கர்லாண்ட் என்ற இரு ஆராய்ச்சியாளர், ஆரோக்கியமான மனிதர்களையே கேட்டுப் பார்த்தபோது, சுமார் 70 சதவிகிதம் பேர் தமக்கும் தசை துடித்தது உண்டு என்றார்கள். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்த பிறகுதான் நம் கணக்குப் புத்தி திரும்பி வந்தது.

இங்கே நம் தேசத்து வைத்தியர்களின் காரியம் ஒன்றைச் சொல்லாமல் விடலாகாது. 1950-இல் சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் நரம்பு அறுவை சிகிச்சைப் பிரிவைத் தொடங்கியவர் டாக்டர் பி. ராமமூர்த்தி. அவரும், டாக்டர்கள் மீனாட்சிசுந்தரமும் ஜகந்நாதனும் தம்மிடம் வந்த நோயாளிகளைக் கூர்ந்து பார்த்தார்கள். ஷர்க்கோ சொன்ன வியாதி நடுவயது கடந்தவர்களை அடிப்பது. இங்கே வந்தவர்களில் ஒரு சாராரோ வாலிபர்கள். கை கால் மெலிந்தது. முகமும் தொண்டையும் தளர்ந்தன. பலருக்குக் காதும் கேளாமற் போயிற்று. ஆனால் அவர்கள் மூன்று ஆண்டில் மடியவில்லை. பல ஆண்டுகள், சிலர் பல பத்தாண்டுகள் வாழ்ந்தார்கள். மேல்நாட்டுப் புஸ்தகத்தில் இல்லை என்பதற்காகக் கண்ணால் கண்டதை இவர்கள் தள்ளிவிடவில்லை. 1970-இல் எழுதி வெளியிட்டார்கள். தென்னிந்தியாவிலேயே மிகுதியாகக் காணப்படும் அந்த வியாதி இன்று உலகத்து வைத்திய நூல்களில் சென்னையின் பெயராலேயே வழங்குகிறது. இதன் காரணம் இன்னும் துலங்கவில்லை. ஆயினும் 'இயக்க நரம்பணு வியாதி' என்ற ஒரு சொல்லைக் கேட்டவுடன் மரண சாஸனம் என்று எண்ணவேண்டியதில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

இன்னொன்றும் உண்டு. பெங்களூர் நிம்ஹான்ஸில் டாக்டர் கௌரி தேவி 1984-இல், ஒரே கையோ ஒரே காலோ மட்டும் மெலிந்து, சில ஆண்டுகளில் தானாக நின்றுவிடும் வியாதியை இந்திய வாலிபர்களிடம் கண்டு எழுதினார். கையில் வரும் இத்தகைய வியாதியை ஜப்பானில் ஹிராயாமா 1959-இலேயே விவரித்திருந்தார். கழுத்தை முன்னே வளைக்கும்போது தண்டுவடம் நெரிபடுவது அதற்கு ஒரு காரணம் என்று பின்னர்த் தெரிந்தது. ஆரம்பத்திலேயே கழுத்துப்பட்டை அணிவதால் நன்மை அடைந்தவர்கள் உண்டு. பார்க்க ஒன்று போல் இருப்பவை எல்லாம் ஒன்றல்ல. அதனால்தான் பெயர் வைக்கும் வேலையை நடுநிசிக் கைபேசியிடம் விடலாகாது.

இதே நரம்பணுக்களை வேட்டையாடிய போலியோவை நம் தேசம் வென்றதையும் நினைத்துக்கொள்ளலாம். சூம்பிய காலோடு பள்ளிக்கு வந்த தோழர்கள் நம் தலைமுறையில் ஒவ்வொரு வகுப்பிலும் இருந்தார்கள். 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் இயற்கைப் போலியோக் கிருமியால் ஒரு குழந்தையும் முடமாகவில்லை. 2014 மார்ச்சில் உலக சுகாதார ஸ்தாபனம் அதற்கு அத்தாட்சி அளித்தது. நம் வகுப்பில் இன்று அத்தகைய பையன் ஒருவனும் இல்லை.

வெந்நீர்ப் பையும் இரண்டாம் சோதனையும்

ஆடி மாதத்தில் சென்னைக்குச் சென்று நரம்பு வைத்திய நிபுணர் ஒருவரைக் கண்டோம். சீட்டை நீட்டினோம். அவர் அதை வாங்கி மேஜையின்மேல் கவிழ்த்து வைத்துவிட்டார்.

"இது இருக்கட்டும். வாத்தியார் ஸார், உங்களால் என்ன செய்ய முடியவில்லை? அதைச் சொல்லுங்கள்" என்றார்.

நாம் துடிப்பு, மரப்பு, களைப்பு என்று அடுக்கினோம்.

"அவை உங்களுக்குத் தெரிவன. நான் கேட்பது, செய்ய முடியாதது. சட்டைப் பொத்தான் போட முடிகிறதா? மாடி ஏற முடிகிறதா? தரையில் உட்கார்ந்து எழ முடிகிறதா? சோறு தொண்டையில் சிக்குகிறதா? செருப்புக் கழல்கிறதா?"

கடைசிக் கேள்வியில் நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. தமிழாசிரியரின் கதையைச் சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அவர் துடிப்பைப் பற்றி உங்களிடம் எப்போதாவது முறையிட்டாரா?" என்று கேட்டார்.

யோசித்துப் பார்த்தோம். இல்லை. ஒரு முறையும் இல்லை. செருப்பு ஏன் கழல்கிறது என்றுதான் கேட்டார். துடிப்பை நாம் பார்த்தோம். அவர் அதைப் பொருட்படுத்தவே இல்லை. வலிமை போனது, அதுவே அவருடைய வியாதி. நமக்கோ வலிமை போகவில்லை. மனத்தைத் தவிர வேறெதுவும் தளரவில்லை.

நிபுணர் நம் ஒவ்வொரு தசையையும் தம் கையால் எதிர்த்துத் தள்ளிப் பார்த்தார். முழங்காலில் சுத்தியால் தட்டினார். நாக்கை நீட்டச் சொன்னார். பிறகு காலில் வெந்நீர்ப் பையைச் சுற்றிச் சிறிது நேரம் வைத்து, தோலின் உஷ்ணத்தை அளந்துவிட்டு, வேகத்தை மறுபடியும் எடுத்தார்: 44 மீட்டர். தோல் ஒரு டிகிரி குளிர்ந்தால் நரம்பின் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 2 மீட்டர் குறையுமாம். குளிர் அறையில் ஒரு மணி நேரம் வெறுங்காலோடு காத்திருந்தவனுக்கு 37 வந்ததில் அதிசயம் என்ன? பௌதிகம் போதிக்கும் நமக்கு இது தோன்றாமற் போனதற்கு வெட்கப்பட்டோம். மூன்று வாரத் தூக்கத்தை நான்கு டிகிரி உஷ்ணம் விழுங்கிவிட்டது.

ஊசிச் சோதனையும் நடந்தது. வலித்தது, பொறுத்தோம். ஒலிபெருக்கியில் மழைத்துளி கேட்கவில்லை. இடையிடையே ஒரு தனித் தட்டு மட்டும். "அதுதான் உங்கள் துடிப்பு, மற்றபடி தசை நன்றாக இருக்கிறது" என்றார். கைவிரல் மரப்புக்குக் காரணம், மணிக்கட்டின் குகைபோன்ற பாதையில் நரம்பு சிறிது நெரிபடுவது. இரவில் கட்டுவதற்கு ஒரு பட்டை கொடுத்தார். இரத்தத்தில் பி-12 என்ற வைட்டமின் குறைந்திருந்தது. அது பால், தயிர், முட்டை, மீன், மாமிசங்களில் உள்ளது. சைவ உணவினருக்கும், நீரிழிவுக்கு மெட்பார்மின் என்ற மாத்திரையை நெடுநாள் உண்பவர்களுக்கும் குறைவது உண்டு. அதற்கு ஊசி போட்டார்.

"அப்படியானால் அந்தப் பெரிய வியாதி இல்லை என்று எழுதித் தருவீர்களா?" என்று கேட்டோம்.

அவர் சிரித்தார். "அமெரிக்காவில் மேயோ வைத்தியசாலையில், உங்களைப் போல் துடிப்பு மாத்திரம் இருந்து, தளர்ச்சி இல்லாத 121 பேரை 2 ஆண்டு முதல் 32 ஆண்டு வரையில் கவனித்து, 1993-இல் வெளியிட்டார்கள். அவர்களில் ஒருவருக்கும் அந்த வியாதி வரவில்லை. இதற்கு மேல் எழுதித் தர வேண்டுமென்றால் ஜோசியரிடம் போங்கள். ஆறு மாதம் கழித்து ஒரு முறை வாருங்கள். அதுவரை நாள்தோறும் சதையை அளந்து பார்க்காதீர்கள்."

அறிய வேண்டியவை

வைத்தியருடைய இடத்தை நாம் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் நம் டெல்டாப் பகுதி மக்களுக்குச் சிலவற்றைச் சொல்லுவது கடமை.

நரம்பைக் கெடுப்பவற்றுள் இங்கே மிகுதியானது நீரிழிவு. பாதம் எரிவதும் மரப்பதும் அதன் குரல். சர்க்கரையைக் கட்டுவதே அதற்கு முதல் வைத்தியம். நாள்தோறும் பாதத்தைப் பார்த்துக்கொள்வது இரண்டாவது. தோலில் உணர்வற்ற வெளிறிய படையோ, விரல் மடங்குதலோ கண்டால் குஷ்டமாக இருக்கலாம். அதை மறைக்க வேண்டாம். 1982 முதல் உலகெங்கும் வழங்கும் கூட்டு மருந்தால் அது குணமாகிறது. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவசம். தைராய்டுக் கோளாறும், இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்துக் குறைவதும் தசையைத் துடிக்கச் செய்யும். வயலில் பூச்சிமருந்து தெளித்துவிட்டு வந்தவனுக்குச் சதை துடித்து, வாயில் நீர் ஊறி, வியர்த்து, கண்மணி சுருங்கினால், அது நரம்புக்குள் விஷம் ஏறியதற்கு அடையாளம். உடையைக் கழற்றி உடம்பைக் கழுவி உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும். தரையில் உறங்கியவன் விடியற்காலையில் வயிற்று வலியோடு எழுந்து, கண்ணிமை தூக்க முடியாமல் இருந்தால், கடிவாய் தெரியாவிட்டாலும் கட்டுவிரியனை நினைக்க வேண்டும்.

கால் மரத்துத் தளர்ந்து, நாளுக்கு நாள் தளர்ச்சி மேலே ஏறிவந்தால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. முதல் மகாயுத்தத்தின் நடுவே, 1916-இல், கியேன், பார்ரே, ஸ்த்ரோல் என்ற மூன்று பிரெஞ்சு வைத்தியர்கள் இரண்டு சிப்பாய்களிடம் இதைக் கண்டு விவரித்தார்கள். மூச்சுத் தசை வரைக்கும் இது ஏறக்கூடும்; காலத்தில் சிகிச்சை செய்தால் பெரும்பாலோர் மீள்கிறார்கள்.

சுருங்கச் சொன்னால், உணர்வதைக் காட்டிலும் செய்ய முடியாமற் போவதைக் கவனியுங்கள். கை மெலிந்தால், பாதம் தொங்கினால், பேச்சுக் குழறினால், விழுங்கத் தடுமாறினால், வைத்தியரிடம் போங்கள். சதை துள்ளுவது மாத்திரம் இருந்தால், அப்போதும் ஒரு முறை போங்கள். பிறகு அவர் சொல்லை நம்புங்கள். சீட்டில் உள்ள எண் தீர்ப்பு அல்ல; சாட்சி மாத்திரமே. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய வைத்தியர் வேண்டும்.

ஒரு நோட்டுப் புஸ்தகம்

சென்னையிலிருந்து திரும்பிய மறுநாள், நாம் பல ஆண்டு முன்பே செய்திருக்க வேண்டிய ஒரு காரியத்தைச் செய்தோம். தமிழாசிரியர் வீட்டுக்குப் போனோம். அவர் மனைவியார் நம்மைக் கண்டதும், "வாங்க தம்பி, இப்போதுதான் வழி தெரிந்ததா?" என்றார். அதில் குற்றம் இல்லை; அதுவே நமக்குக் குத்தியது. நாம் வராமல் இருந்ததற்குக் காரணம் சொல்லத் தொடங்கினோம். அவர் கையை அமர்த்திவிட்டு உள்ளே போய் ஒரு நோட்டுப் புஸ்தகத்தைக் கொண்டு வந்தார். நாக்குக் குழறிய பிறகு அவர் சொல்ல வேண்டியதை எல்லாம் எழுதிக் காட்டிய நோட்டு அது.

பக்கங்களைப் புரட்டினோம். 'மோர் வேண்டும்.' 'மின்விசிறியைக் குறை.' 'பெட்டியில் பணம் இருக்கிறது, பால்காரருக்குக் கொடு.' எழுத்து வர வர நடுங்கிக்கொண்டே போயிற்று. ஓரிடத்தில் நம் பெயர் இருந்தது. 'அவனுக்கு வேலை அதிகம், வருவான்' என்று இருந்தது. கடைசிப் பக்கத்தில், பார்க்க வந்த பழைய மாணவன் ஒருவன் எழுதிக் கொடுத்த வரிக்குக் கீழே, வல்லெழுத்து மிகும் இடத்தில் ஒரு 'க்' போட்டு வட்டம் இட்டிருந்தார். தேகம் முழுவதும் அடங்கிவந்த காலத்திலும் சந்திப் பிழையை அவர் மன்னிக்கவில்லை.

அதைப் பார்த்தபோது நமக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. வியாதியே இல்லாமல் நாம் மூன்று மாதம் பாடம் நடத்துவதில் மனம் செலுத்தாமல் இருந்தோம். வியாதியோடு இருந்த அவர் கடைசி நாள் வரையில் வாத்தியாராகவே இருந்தார்.

ஆறு மாதம் கழிந்து தை மாதத்தில் மறுபடியும் சென்னைக்குப் போய் வந்தோம். நிபுணர் தசைகளைத் தள்ளிப் பார்த்துவிட்டு, "போய்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லுங்கள் ஸார்" என்று அனுப்பிவிட்டார். விரல் மரப்பு ஏறக்குறையப் போய்விட்டது. காப்பி மூன்று வேளையிலிருந்து ஒரு வேளையாகிவிட்டது. அதில் வீட்டாருக்கு மகிழ்ச்சி, நமக்கு வருத்தம்.

இதை எழுதும் இவ்வேளையிலும் வலது கெண்டைக்கால் துள்ளிக்கொண்டுதான் இருக்கிறது. துள்ளட்டும். மேஜைமேல் விடைத்தாள் கட்டு ஒன்று காத்திருக்கிறது. மேலே உள்ள தாளில் முதல் வரியிலேயே ஒரு சந்திப் பிழை. கணக்குத் தாள் ஆயிற்றே என்று முன்பெல்லாம் விட்டுவிடுவோம். இப்போது விடுவதில்லை.